மாப்பிள்ளை வெட்டிய ஒற்றையடிப் பாதை

“யாரு இந்தப் பள்ளத்த மூடுனது?”

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அரிமளம் பக்கத்தில் இருக்கும் என் பிறந்த ஊரில், கருவேலங் காட்டுக்கு நடுவே நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இது. தலையில் ஹெல்மெட், நெஞ்சில் கவசம், முழங்கால் வரை பூட்ஸ். குரல் மட்டும் அழப்போகிற குழந்தையின் குரல்.

பள்ளம் இருக்கிறதே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பள்ளத்தை மூடிவிட்டார்களே என்று கலங்கி நின்ற ஒரு மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஐம்பது நெருங்குகிறது. புதுக்கோட்டையில் ஆபீஸ் உண்டு, வீடு உண்டு, சாயங்காலம் ஒரு டீ உண்டு என்று இருந்தவர். திடீரென்று ஒருநாள் செகண்ட் ஹேண்டில் ஒரு டர்ட் பைக்கைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எட்டாத உயரத்தில் சீட்டு, பல் பல்லாக டயர், பின்னால் உட்கார இடமே கிடையாது.

“நான் எங்க உக்கார்றது?” என்றேன்.

“இது அதுக்கான வண்டி இல்ல” என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த வண்டிக்கு ரோடு ஆகாதாம். காட்டுக்குள் ஒரே ஒரு வண்டி நுழைந்து போகிற அளவுக்கு ஒடுக்கமான பாதை வேண்டுமாம். பெயர் ‘சிங்கிள் ட்ராக்’. நம் ஒற்றையடிப் பாதைதானே என்று நினைத்துவிடாதீர்கள். இதில் மேடு, பள்ளம், வேர், பாறை, மூச்சு முட்டுகிற வளைவு எல்லாம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால்? உருவாக்க வேண்டும். மம்பட்டி பிடித்து!

இடத்துக்குப் பஞ்சமில்லை. என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த புஞ்சை இருக்கிறதே... பாதி தைல மரம், பாதி சீமைக் கருவேலம், குறுக்கே, மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடி மற்ற நாளில் காய்ந்து கிடக்கும் ஒரு வாரி. எங்கள் பட்டா நிலம். யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தோம். அங்கேதான் தப்புப் பண்ணினோம்.

மாசக்கணக்கில் ஞாயிறு தவறாமல் போனார். கருவேலங் கிளைகளை ஹெல்மெட் உயரத்துக்குக் கழித்தார். வெட்டிய அடிக்கட்டை டயரைக் கிழித்துவிடும் என்று ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்தார். வளைவுகளில் வண்டி சாய்ந்து திரும்ப வசதியாக வெளி ஓரத்தில் மண் அணைத்தார். விழுந்து கிடந்த தைல மரம் ஒன்றை உருட்டிக் குறுக்கே போட்டார், தாண்டுவதற்காம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரியின் கரையைச் செதுக்கி ஒரு செங்குத்துப் பள்ளம். அதுதான் அவருடைய மாஸ்டர் பீஸ்.

கையெல்லாம் கொப்புளத்தோடு வீட்டுக்கு வருவார். ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. சொல்லிவிடுகிறேன்... எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

திருச்சியில் டர்ட் பைக் ஓட்டும் இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் இவர்தான் ‘அங்கிள்’. அங்கிள் ஒரு ட்ராக் வெட்டுகிறாராம் என்று அவர்களுக்கு ஒரே சிரிப்பு. கடைசியில், இந்த ஞாயிறு வந்து பார்க்கிறோம், நன்றாக இருந்தால் மாதாமாதம் இங்கேயே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க இவருக்குத் தூக்கமில்லை. அந்தப் பையன்களில் ஒருவனாவது தன் பள்ளத்தில் விழ வேண்டும் என்பதே இவருடைய ஒரே பிரார்த்தனை.

அந்தப் பள்ளத்தைத்தான் காணவில்லை. வாரிக்குள் செம்மண் கொட்டி, சாய்வாக இழுத்து, மேலே புதுச் சரளை பரப்பியிருந்தது. குறுக்கே கிடந்த மரத்தை யாரோ அறுத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வளைவுகளில் அணைத்த மண் கரைந்து, பாதை நேராகி, ஒரு மாட்டு வண்டியே போகிற அகலத்துக்கு விரிந்து கிடந்தது.

“நாங்கதான் மாப்ள!”

குரல் கொடுத்துக்கொண்டே வந்தார் என் சித்தப்பா. பின்னால் ஒரு சின்னக் கூட்டம். எல்லார் முகத்திலும் பெருமை.

“சனிக்கெழம பூரா ஊரே சேந்து எறங்கிட்டோம். நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா அப்பவே போட்டுக் குடுத்துருப்போம்ல? மாப்பிள்ள கையில மம்பட்டியப் பாத்துட்டு எங்களுக்குச் சோறு எறங்குமா?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வள்ளி மதினியைப் பார்த்தேன். சித்தப்பாவின் மருமகள் அவர். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார்.

“பொண்ணுக்கு நெலத்தக் குடுத்தாங்க, பாதையக் குடுக்கலன்னு நாளைக்கு ஊரு பேசாதா? அண்ணே வாராவாரம் தனியா வந்து வெட்டுறாரு. அங்கிட்டு விழுகுறாரு, இங்கிட்டு விழுகுறாரு. நாங்க ஆடு ஓட்டிக்கிட்டுப் போறப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தானே போறோம்? மாமாவுக்கு மனசே ஆறல. கோவத்த மாப்பிள்ள வாயில சொல்லாம வேலையில காட்டுறாருன்னுட்டாரு.”

“எனக்கு ஒரு ஃபோன் பண்ணிருக்கலாம்ல மதினி?”

“பண்ணா அண்ணே வேணாம்னு சொல்லிருவாருல்ல? கூச்ச சொபாவம்!”

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு மாப்பிள்ளை என்றால் ஊருக்கே மாப்பிள்ளை. இலையில் ஒரு கரண்டி கூடுதலாக விழும். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அவர் விழுந்தால் சிரிக்கக்கூட வரப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை, பெண் எடுத்த ஊரில், வெயிலில் தன் கையால் பாதை வெட்டினால் ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? நாங்கள் பொழுதுபோக்கு என்று நினைத்ததை, அவர்கள் வருத்தம் என்று படித்திருக்கிறார்கள்.

வேறு யாராவது செய்திருந்தால் இவர் சண்டைக்கே போயிருப்பார். மாப்பிள்ளையாயிற்றே... என்ன செய்ய முடியும்? ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“ரொம்ப நன்றிங்க மாமா. எதுக்கு இவ்வளவு சிரமம்?”

இந்த வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களிலேயே கண்ணியமான பொய் அதுதான்.

அந்த நேரம் பார்த்துத் திருச்சிப் பையன்கள் வந்து இறங்கினார்கள். வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு சுற்று வந்தார்கள். நான் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மூடுவதற்குள் முடிந்துவிட்டது.

தலைவன் மாதிரி இருந்த பையன் மரியாதையாகச் சொன்னான்: “வார்ம் அப்புக்கு நல்லாருக்கு அங்கிள். ட்ராக் எங்கிருந்து ஸ்டார்ட் ஆகுது?”

என் வீட்டுக்காரர் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். ‘இதுதான் ட்ராக்’ என்றால் மானம் போகும். ‘இருந்த ட்ராக்கைக் கெடுத்துவிட்டார்கள்’ என்றால் பக்கத்தில் நிற்கும் அத்தனை முகங்களும் வாடிவிடும். கொப்புளம் காய்ந்த தன் கையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “இல்ல தம்பி... இன்னும் ரெடி ஆகல.”

சிரிப்போடுதான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை மாத உழைப்பை ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டு நின்ற அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கவசம் குத்தும் என்பதால் செய்யவில்லை.

நாம் ஆசைப்பட்டுத் தேடிப் போகிற கஷ்டத்தை நம்மேல் பிரியம் வைத்தவர்களுக்குப் புரியவைக்கவே முடியாது. மலையேறுகிறேன் என்றால் ‘பஸ் போகாதா?’ என்பார்கள். மாரத்தான் ஓடுகிறேன் என்றால் ‘யார் துரத்துகிறார்கள்?’ என்பார்கள். நாம் தடுமாறினால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தரையைச் சமமாக்குவது மட்டும்தான். அதற்காக அவர்களைக் கோபித்துக்கொள்ளவா முடியும்?

“மாப்ள, நீங்க ஒரு ரவுண்டு போங்க! ஒங்களுக்காகப் போட்டது” என்றார் சித்தப்பா.

ஊரே இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றது. பையன்கள் ஃபோனை எடுத்தார்கள். இவர் வண்டியைக் கிளப்பினார். வழுவழுவென்ற பாதை. வேர் இல்லை, பாறை இல்லை, வளைவு இல்லை. பாதி தூரம் போனதும், நிற்கிறவர்களைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஒரு கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார். முன் டயர் புதுச் சரளையில் சர்ரென்று வழுக்கியது... அவ்வளவுதான்!

நல்லவேளை, அடி எதுவும் இல்லை. புழுதி அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. தூக்கிவிட ஓடிய கூட்டத்துக்கு நடுவே சித்தப்பாவின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது:

“சரள சரிப்படாதுப்பா... சிமென்ட்டே போட்டுருவோம்!”