கோல் விடாத பிள்ளை

பச்சை அட்டையை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறேன், கோட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே ஒருவர், "சேர், இந்த முறை புதுமுகம் ஆர்?" என்று கேட்கிறார். ஹொக்கிக்கு மத்தியஸ்தம் பார்க்கிறவன் விசில் ஊதினால் மட்டும் போதாது, ஊர்க்கதைக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் பெண்கள் லீக்கில் சிறந்த புதுமுக வீராங்கனையைத் தெரிவுசெய்யும் குழுவில் மூன்று பேர்: லீக் தலைவர், கிண்ணம் வாங்கித் தரும் இரும்புக்கடைக் குணம் அண்ணை, நான். இதுபோன்ற குழு ஒன்றில் ஒருமுறையாவது இருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இராது.

வழக்கமாகக் கிண்ணத்தோடு கதை முடிந்துவிடும். இந்த வருடம் பரிசு பெறுகிறவருக்கு மாகாணப் பயிற்சி முகாமில் இடமும், தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை.

எங்களுக்குப் புதுசு

நெடுங்கேணிக் கழகம் தனது பின்வரிசை ஆட்டக்காரி ஒருவரின் பெயரை அனுப்பியிருந்தது. பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். அவர் செட்டிகுளத்துக்கு அணித்தலைவியாக இருந்தவர். ஒருமுறை என்னோடு வாதாடி மஞ்சள் அட்டையும் வாங்கியிருக்கிறார். நேரில் போய்க் கழகச் செயலாளரிடம் கேட்டேன்.

"அது செட்டிகுளத்தில சேர். கலியாணம் முடிச்சு எங்கட ஊருக்கு அவா போன ஆவணியிலதான் வந்தவா. எங்களுக்கு அவா புதுசுதானே?" என்றார் செயலாளர். லீக்கில் முதல் வருடம் ஆடுகிறவர்தான் புதுமுகம், விதி ஊருக்கு ஊர் மாறாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் செயலாளரைப் பார்த்துச் சொன்னார்: "என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம். நான் முகாமுக்குப் போனால் இவனை நீங்களோ பாக்கப்போறியள்?"

உயரமான பிள்ளை

மிஞ்சியது இரண்டு பேர். ஒருத்தி கிளிநொச்சி அணியின் முன்வரிசைத் தர்சிகா. ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் அடித்தவள்; குறை சொல்ல இடமில்லை. மற்றவள் முல்லைத்தீவுக் கரையோர அணியின் கோல் காப்பாளர் ரெஜினா. அவளுடைய அணி நன்றாக விளையாடாது. ஆனாலும் தோற்பதில்லை. அது ஏன் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

குணம் அண்ணையின் கடையில், பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் கதிரை போட்டுக் கூடினோம். "அடிச்ச கோலை எண்ணலாம் தம்பி. மறிச்ச கோலை ஆர் எண்ணினது?" என்றார் அவர். ஓமந்தை ஆட்டத்தில் ரெஜினா விழுந்து, எழும்ப நேரமில்லாமல் கிடந்தபடியே காலால் தட்டிய பந்தை நான் விவரித்தேன். தலைவர் தலையாட்டினார். குணம் அண்ணையும் இளகினார். "ஓம், ஓம், அந்த உயரமான பிள்ளைதானே? பாத்திருக்கிறன். நல்ல பிள்ளை."

ரெஜினா கட்டை. அதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை: "ஹெல்மெட் போட்டால் எல்லாரும் ஒரு மாதிரித்தான் தம்பி."

கனடா மாமி

தர்சிகாவின் மாமி கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் எடுத்தார். அங்கே நள்ளிரவு, இங்கே நான் பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். மருமகளின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டிருப்பதாகவும், உலகம் முழுக்க இருந்து சனம் ஆதரவு தருவதாகவும் சொன்னார். தெரிவு அப்படி நடப்பதில்லை அக்கா என்றேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை.

"இவ்வளவு சனம் லைக் போட்டிருக்கு. நீங்கள் மூண்டு பேர் இருந்து என்னத்தைத் தெரியப்போறியள்?"

ஒரு பதில்

ரெஜினாவின் தகப்பன் அந்தோனி, மீன் ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் பாடசாலை வாசலுக்கு வந்தார். சிபாரிசு பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் ஆசனத்தைவிட்டு இறங்கவேயில்லை. "பரிசு கேட்டு வரேல்ல சேர். முடிவு எப்ப எண்டு கேக்க வந்தனான்."

பிள்ளையைக் கார்மென்ட் வேலைக்கு எடுத்திருந்தார்கள். முகாமுக்கு இடம் கிடைத்தால் விளையாடட்டும், இல்லாவிட்டால் வேலைக்குப் போகட்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அவளும் அதற்குச் சம்மதித்திருந்தாள். இறுதியாட்டம் முடிந்த கையோடு சொல்வோம் என்றேன்.

"ஓமோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை சொல்லிப்போடுங்கோ. திங்கள் விடியக் கார்மென்ட் வான் வந்து நிக்கும்."

பிரதம விருந்தினர்

இறுதியாட்டம் கிளிநொச்சியில். தர்சிகாவின் அணிக்கும் ரெஜினாவின் அணிக்கும்தான். பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். வந்ததும் வவுனியாவில் இன்னொரு விழா இருக்கிறது, வெளிக்கிட வேண்டும் என்றார். ஆகவே இடைவேளையிலேயே புதுமுகப் பரிசைக் கொடுப்பதென்று ஆயிற்று.

முதற்பாதியில் கோல் இல்லை. ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கை நானே கொடுத்தேன். தர்சிகா அடித்தாள், ரெஜினா பாய்ந்து மறித்தாள். விருந்தினர் கூடாரத்துக்குப் பின்னால் குழு கூடியபோது குணம் அண்ணை என்னை முந்திக்கொண்டார்: "கட்டைப் பிள்ளைக்குத்தான்." தலைவரும் ஓம் என்றார். அத்தனை நாளில் முதல் தடவையாக மூவரும் ஒரே பெயரைச் சொன்னோம்.

கூடாரத்துக்கு முன்னால் வந்தோம். விருந்தினர் எழுந்துவிட்டார். வாகனத்தை உறுமவிட்டிருந்தார்கள். ரெஜினா மைதானத்தின் மறுகோடியில், கால்காப்பு, கையுறை, நெஞ்சுக்காப்பு எல்லாம் கட்டியபடி, கோலடியில் குந்தியிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தர்சிகா கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கட்டியபடியே வரட்டும், நான் ஓடிப்போய்க் கூட்டிவருகிறேன் என்றேன். தலைவர் ஒருமுறை தூரத்தைப் பார்த்தார், ஒருமுறை விருந்தினரைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கிக்காரரிடம் சொன்னார்: "அவள் அந்தச் சாமானோட நடந்து வரேக்க இவர் ஓமந்தை தாண்டிப்போடுவார். தர்சிகாவைக் கூப்பிடுங்கோ."

இரண்டாம் பாதியிலும் ரெஜினா கோல் விடவில்லை; அவளுடைய அணியும் அடிக்கவில்லை. லீக் கிண்ணத்தை இரண்டு அணிகளுக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள். சொன்ன சொல்லுக்காக அந்தோனியைத் தேடிப் போனேன். கடலுக்குப் போகாத நாள் என்பதால் வெள்ளைச் சேட்டில், வேலியோரம் நின்றார். நான் வாயைத் திறக்க முன்னமே, "ஸ்பீக்கரில கேட்டது சேர்," என்றார்.

இவ்வளவு காலம் விசில் ஊதியதில் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பிள்ளையை ஹொக்கிக்கு விடுவதானால், கூப்பிட்டவுடன் ஓடிவரக்கூடிய உடுப்போடு, கூடாரத்துக்குக் கிட்ட நிற்கும் இடமாகப் பார்த்து விடுங்கள்.

அடுத்தது ஆண்களின் இறுதியாட்டம். லீக்கிடம் இருப்பது கோலுக்கு ஒரு சோடி கால்காப்புத்தான். ரெஜினா அவற்றைக் கழற்றி, வியர்வையில் நனைந்த உட்பக்கத்தைத் தன் துவாயால் துடைத்து, வெயில் படும்படி கோல் கம்பத்தில் சாய்த்துவிட்டுத் தகப்பனிடம் நடந்தாள்.