இழவு வீட்டில் ஒரு ஒன்ஸ்மோர்

மண்டபம் ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க்காக இருந்த கூத்தையாவுக்கு உலகத்துக் கவிதைகள் பெட்டி கனத்தால் வந்து சேர்ந்தவை. அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்கள் சாமான் எடை கூடிவிட்டால் முதலில் கழித்துவிடுவது புத்தகத்தைத்தான். "நீங்களே வச்சுக்கங்க சார்" என்று மேஜையில் போட்டுவிட்டுப் போவார்கள். எல்லாம் இங்கிலீஷ். கூத்தையா அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து, பாரசீகம், சீனம், ஜப்பான் என்று ஒரு தேசம் விடாமல் சுற்றி வந்துவிட்டார். ரயிலேறி அவர் போன தூரம் என்னவோ மேற்கே மதுரை, கிழக்கே இராமேஸ்வரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் சதக்கின் டீக்கடைப் பின்கட்டில் நாலைந்து பேர் கூடுவார்கள். ஒரே விஷயத்தைப் பாடிய இரண்டு தேசத்துக் கவிதைகளை எடுத்துக்கொண்டு எது உசத்தி என்று கூத்தையா நிறுத்துச் சொல்வார். பார்சல் தராசிலேயே பழகிய கை அல்லவா. நல்ல அடி ஒன்று வந்து விழுந்தால் தொடையில் தட்டி "ஒன்ஸ்மோர்!" என்று கத்த வேண்டும். நாடகக் கொட்டகையிலிருந்து அங்கே வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கூத்தையா கத்தினால் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது சாவுப் பாட்டு. ஜப்பான்காரி ஒருத்தி செத்துப்போன புருஷனைப் பற்றிச் சொன்னதைக் கூத்தையா தமிழில் சொன்னார்: "வாசலில் உன் குடை. மழை நின்று வெகுநேரமாயிற்று."

"அம்புட்டுத்தானா?" என்றார் சதக்.

"அம்புட்டுத்தான். நம்ம பொம்பளைகளா இருந்தா விடிய விடிய நீட்டுவாளுக. தங்கமே, வைரமேன்னு ஒரே பட்டியலு. ஒப்பாரியில அழுகை இருக்குவே, கவிதை இல்ல."

மறுநாள் தந்தி வந்தது. பரமக்குடிக்குத் தெற்கே வாழ்க்கைப்பட்டிருந்த தங்கச்சி ராக்குவின் புருஷன் வீரையா, மிளகாய்க் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. கூத்தையாவும் பெண்சாதி இராமலட்சுமியும் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார்கள். அய்யா ஆத்தா கண்ணை மூடிய பிறகு ராக்குவுக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருத்தர்தான். அண்ணனைப் பார்த்ததும் அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவரும் அழுதார். பொய்யழுகை இல்லை. வீரையா அவருக்குப் பிடித்தமான மாப்பிள்ளை.

பிறகு பெண்கள் வட்டமாகத் தோள் கோத்து உட்கார்ந்து மாரடித்தார்கள். கூத்தையா நிலைப்படியோரம் உட்கார்ந்திருந்தார். ராக்குவின் குரல் தனியாக எழுந்தது.

"மொளகா காயப்போட்டு மேகம் பாத்த மகராசா,
மேகம் தெரளுமுன்னே மண்ணுக்குள்ள போறீகளே!"

கூத்தையாவின் அழுகை சட்டென்று நின்றது. அங்கே மழை நின்றுவிட்டது, இங்கே மழை வரவேயில்லை என்று அவர் மனது நிறுக்க ஆரம்பித்துவிட்டது. ஜப்பான்காரியின் தட்டு மேலே போய், தங்கச்சியின் தட்டு கீழே இறங்கியது. நேற்று தான் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு! கை தானாகத் தொடையில் விழுந்தது.

"ஒன்ஸ்மோர்!"

மாரடி நின்றது. பந்தலில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விவரம் தெரியாத ஒரு கிழவி, "என்னத்தா சொல்றாரு?" என்று கேட்டாள். "திருப்பிப் பாடச் சொல்றாரு" என்று ஒருத்தி விளக்கினாள். ராக்கு அண்ணனை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

வீரையாவின் தம்பி வீரபத்திரன் வந்து கூத்தையாவின் தோளைத் தொட்டார். "வெளிய வாங்க. இது ஒண்ணும் கொட்டக இல்ல."

அவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள். செத்தவனுக்குப் பதில் தன்னைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. திரும்பும்போது ரயிலில் இராமலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். இறங்குகிற நேரத்தில்தான் கேட்டாள்: "கருமாதிக்குக் கோடி எடுத்துக்கிட்டு எந்த மூஞ்சியோட போவீக?"

அதுதான் அவரையும் அரித்தது. தாலி இழந்தவளுக்குக் கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டும். அதை அவள் வேண்டாமென்று தள்ளிவிட்டால் பிறந்த வீடே அற்றுப்போனதாக அர்த்தம். 'அந்த ஆளு கோடியோட வந்தா வாசல்லயே மறிப்பேன்' என்று வீரபத்திரன் சொன்னதாகத் தகவல் வேறு வந்தது. சதக்கின் கடைப் பக்கமே கூத்தையா தலைவைத்துப் படுக்கவில்லை.

கருமாதியன்று சேலையும் கையுமாகப் போய் நின்றார். சொன்னபடியே வீரபத்திரன் மறித்தார். உள்ளேயிருந்து ராக்குவின் குரல் வந்தது. "அவுகள விடுங்க. எனக்குக் கோடி போட எங்க அண்ணன விட்டா வேற யாரு இருக்கா?"

தலைகுனிந்து கோடியை வாங்கிக்கொண்டாள். கூத்தையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாரும் பந்திக்கு எழுந்து போனபின் அவள் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு அவுகளுக்கு நான் என்ன சொல்லி அழுதேன்னு எனக்கு நெனவே இல்ல. மத்த பொம்பளைகளக் கேட்டுட்டேன். எல்லாரும் அழுதுக்கிட்டில்ல இருந்தாளுக, எவளுக்கும் தெரியல. நீதான் நல்லாக் கேட்டிருக்க. ஒருக்காச் சொல்லேன்."

அவள் குரலில் குத்தல் இல்லை. புருஷனுக்குக் கடைசியாகச் சொன்ன சொல் அவளுக்கு வேண்டும், அவ்வளவுதான். கூத்தையா வாயைத் திறந்தார். அங்கே மழை நின்றுவிட்டது, இங்கே மழை வரவில்லை என்பது ஞாபகம் இருந்தது. தராசில் எந்தத் தட்டு இறங்கியது என்பதும் ஞாபகம் இருந்தது. வாசல், குடை எல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் நாக்கு நுனியில் வந்து நின்றன. தங்கச்சியின் அடியைக் காணோம். மனதைப் போட்டுத் துழாவினார். மேகம் என்று ஒரு சொல் கிடைத்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"மறந்துபோச்சு தாயி" என்றார்.

ராக்கு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெறகு எதுக்குண்ணே திருப்பிப் பாடச் சொன்ன?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் தெரியாமல்தான் கேட்டாள்.