பெரியவளின் படம்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதும் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எனக்குப் போட்டோப் பைத்தியம் பிடித்தது. படம் எடுப்பதோடு நின்றிருந்தால் பாவம் இல்லை. எடுத்ததை வைத்து ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் எனக்கு. ஒரே ஆளை ஒரே கண்ணாடி பிளேட்டில் இரண்டு தரம் எடுத்து, அவன் தன்னோடு தானே சீட்டாடுவதாகக் காட்டுவேன். லென்ஸின் மேல் மல் துணியைக் கட்டி, வேலூர்க் கோட்டை மதிலைப் பனிமூட்டத்தில் நிற்க வைப்பேன். பாதி நாள் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும். அப்போதும் பழியைப் பிளேட் விற்ற கடைக்காரர் தலையில் போட்டுவிடுவேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பிசின் படம். கருவேலம் பிசினில் விளக்குக் கரியைக் குழைத்து, பைக்ரோமேட் என்கிற கிச்சிலி நிற உப்பைக் கரைத்துச் சேர்த்து, காகிதத்தில் பூசிக் காயவிட வேண்டும். நெகடிவை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டிப் பிறகு தண்ணீரில் மிதக்கவிட்டால், வெயில் பட்ட இடம் ஒட்டிக்கொள்ளும், மற்றது கரைந்துபோகும். ஈரம் காய்வதற்குள் தூரிகையால் திருத்தவும் செய்யலாம். பார்வைக்குக் கரிக்கோலால் வரைந்தது போல இருக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் மங்காது. அந்த உப்பு எங்கள் ஷாப்பில் குரோம் தோலுக்காகப் பீப்பாயில் வரும். முதலாளிக்குச் சொல்லிவிட்டுத் தோல் ஊறும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி எனக்கு ஒரு பொட்டலம் கட்டித் தருவார். "ஆட்டுத் தோலுக்குப் போடறத காயிதத்துல போட்டு மனுசன் மூஞ்சிய வர வெக்கிறீங்களே சார்" என்று சிரிப்பார்.

மேஸ்திரிக்கு இரண்டு பெண்கள், ஒரு வயதுதான் வித்தியாசம். பொங்கலுக்கு மறுநாள் இரண்டு பேரையும் தனித்தனியாக ஸ்டூலில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு பிளேட் எடுத்தேன். பெரியவளுக்கு அப்போது ஆறு வயது. அவளை எடுக்கும் நேரம் பார்த்து மேகம் மறைத்துக்கொண்டது. நெகடிவ் வெளிறிப்போய் வந்தது. சின்னவளுடையது பளிச்சென்று வந்தது. பெரியவள் பிளேட்டைச் சரிசெய்து இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். வாரம் மாதமாயிற்று.

சித்திரை பிறந்ததும் பெரியவள் காலராவில் இரண்டே நாளில் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி என் மேஜைக்கு வந்தார். "சார், பெரியவ படம் உங்க கிட்ட இருக்குதில்ல? மங்கலா இருந்தாலும் பரவால்ல, குடுங்க. மூஞ்சி மறந்துடுமோன்னு பயமா இருக்குது" என்றார்.

மங்கலாகவே ஒன்று போட்டுக் கொடுத்திருக்கலாம். மறுநாளே கொடுத்திருக்கலாம். இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை. ஆனால் சீமைப் பத்திரிகை ஒன்றில் படித்த வித்தையைச் செய்து பார்க்கக் கை அரித்துக்கொண்டிருந்தது. அதே பைக்ரோமேட்டோடு கொஞ்சம் அமிலம் சேர்த்து நெகடிவை வெளுத்து, கழுவி, மறுபடி மருந்தில் போட்டால் உருவம் கெட்டிப்படுமாம். தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேட்டை முதலில் படிகாரத்தில் ஊறவைக்க வேண்டும் என்றும் அதில் போட்டிருந்தது. படிகாரம் ஷாப்பில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. எழுந்து போய் எடுத்துவரச் சோம்பல். அக்கினி நட்சத்திரத்தில் அண்டாத் தண்ணீரே வெந்நீராக இருந்தது. அதில் கழுவினேன். பிளேட்டின் மேலிருக்கும் ஜெலட்டின் ஓரத்தில் சுருங்கியது, கொப்புளித்தது, பிறகு பாலாடை போலக் கண்ணாடியை விட்டு வழுக்கித் தட்டில் விழுந்தது. அள்ளப் போனேன், கையோடு பிய்ந்துவிட்டது. அந்த ஜெலட்டினும் தோலிலிருந்து காய்ச்சி எடுப்பதுதான். தோலைக் கெடாமல் காப்பதே தொழிலான ஊரில், அந்தக் குழந்தையின் முகத்தைக் கெடுத்தவன் நான்.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே? மூன்று நாள் மேஸ்திரியைத் தூரத்தில் கண்டாலே குடோன் வழியாகச் சுற்றிப் போனேன். நாலாம் நாள் சின்னவளின் நெகடிவைக் கையில் எடுத்தேன். அக்காவும் தங்கையும் ஒரே ஜாடை. பிசின் படத்தில் கண்ணும் மூக்கும் எப்படியும் கொஞ்சம் கரைந்துதான் வரும். பெரியவளுக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டு, கிணற்றடியில் விழுந்தது. படம் ஈரமாக இருக்கும்போதே தூரிகை முனையால் அந்தத் தழும்பைப் போட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது: அது கச்சிதமாக அமைந்ததில் அந்த நேரம் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

மேஸ்திரியின் சம்சாரம் படத்தை மடியில் வைத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். "கெணத்தாண்ட விழுந்தாளே, அதுகூட வந்துக்குது பாரு" என்று புருஷனிடம் காட்டி அழுதாள். சின்னவள் படம் எங்கே என்று மேஸ்திரி கேட்டார். பிளேட் கைதவறி உடைந்துவிட்டது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனபோது படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்னால் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த மாலைக்குள் இருந்தவள் என் எதிரே தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் எந்த வீட்டில் பொறுப்பார்கள்? நாள், நட்சத்திரம், சகுனம் எல்லாவற்றையும் கேலி பேசித் திரிந்தவன் நான். அன்று அந்த வீட்டில் கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

புரட்டாசியில் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழாம் நாளும் இறங்கவில்லை என்று கேள்விப்பட்டு ஓடினேன். "படத்துக்குச் சட்டம் மாத்தணும் மேஸ்திரி. குடுங்க, எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"இப்ப வேணாம் சார்" என்றார் அவர். "அக்காதான் தங்கச்சிய பாத்துக்குனு இருக்கா. அவள எடுத்துட்டா வூட்டுக்கு யாரு காவலு?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஒரு குழந்தையின் உயிரை எதிரே வைத்துக்கொண்டும் என் மானத்தைத்தான் பார்த்தேன். பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அந்தப் பெருமையும் படத்துக்கே போயிற்று.

வருஷங்கள் போய்ச் சின்னவளுக்குக் கல்யாணம் வந்தது, மாப்பிள்ளைக்கு ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை. கல்யாணப் படம் எடுக்க நானே போனேன். முகூர்த்தப் புடவை கட்டியதும் தாய் அவளை அக்கா படத்தின் முன்னால் விழுந்து கும்பிடச் சொன்னாள். தன் ஐந்து வயது முகத்துக்கு முன்னால் அவள் விழுந்து எழுந்தாள். அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

கேமராவை நிறுத்திக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள். "அக்கா மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்ல மாமா. நீங்க எடுத்த படத்த வெச்சுத்தான் தெரியும். அவ குடுத்து வெச்சவ. எனக்குத்தான் சின்ன வயசுப் படம் ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

அவளுடைய பிளேட் ஒரு கீறல் இல்லாமல் என் பெட்டியில் இருந்தது. ஒரு மணி நேர வேலை, பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அவள் முகம் அவளுக்குக் கிடைக்கும், அக்கா அந்த வீட்டில் இரண்டாம் தரம் செத்துப்போவாள்.

"உன் பிளேட்டுதான் உடைஞ்சிடுச்சேம்மா" என்று, அவள் கல்யாண நாளில், அவள் முகத்தைப் பார்த்தே இன்னொரு தரம் சொன்னேன்.