சோப்பு டப்பாவில் நீலம் பாரித்த குழந்தை

"அக்கா, கம்ப்யூட்டர் திரையில பளபளன்னு இருக்கற படம் பேப்பர்ல வந்தா ஏன் அழுது வடியுது?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள்.

"சமையல் குறிப்புல மூணு கரண்டி உப்புன்னு போட்டிருக்கு. யார் வீட்டுக் கரண்டி?"

"நம்ம வீட்டுக் கரண்டிதான்."

"எதிர்வீட்டுல பெரிய கரண்டி. அதே மூணைப் போட்டா வாயில வைக்க முடியுமா? படத்துக்குள்ள இருக்கறது வெறும் எண்ணுடி. சிவப்பு இத்தனை, பச்சை இத்தனைன்னு. மெஷினுக்கு மெஷின் கரண்டி வேற. என் கரண்டி இவ்வளவு பிடிக்கும்னு கூடவே அனுப்பற சீட்டுதான் புரொஃபைல். அதைப் பார்த்து அடுத்த மெஷின் கூட்டிக் குறைச்சுக்கும்."

"அப்ப ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

"கிட்ட வரும். திரை சொந்த வெளிச்சத்துல பேசுது. பேப்பர் அடுத்தவங்க வெளிச்சத்துல பொழைக்குது. திரையில தெரியற சில பச்சையை எந்த மையாலயும் கொண்டுவர முடியாது."

"மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"உங்க மாமா கைக்கு வந்தபடி அள்ளிப் போடற ஆளு" என்று அக்கா சிரித்தாள்.

அச்சகம் அக்கா வீட்டுக்காரரான மாமாவுடையது. முன்னால் கவுண்ட்டரில் தங்கை இருந்தாள். ஜன்னலை அடைத்துச் சாம்பல் வண்ணம் பூசிய உள்ளறையில் அக்கா. கல்யாணமான புதிதில் பில் போட வந்தவள், தானே கற்றுக்கொண்டு படம் திருத்தும் நாற்காலியைப் பிடித்தாள். வீடு, வண்டி எல்லாம் மாமா பெயரில். அந்த நாற்காலி மட்டும்தான் அவளுடையது. திங்கட்கிழமை காலையில் எலிக்குட்டி மாதிரி ஒரு கருவியைத் திரைமேல் தொங்கவிடுவாள். அது நிறங்களை அளந்து திரையின் புரொஃபைலைப் புதுப்பிக்கும். அதன்பின் திரையின் பொத்தான்களை யாராவது தொட்டால் எரிந்து விழுவாள்.

ஒருமுறை அவள் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் காலண்டர் அடிக்கக் கொடுத்திருந்தவர் வந்து குதித்தார். "திரையில வெள்ளையா இருக்கு, தாள் ஏன் பழுப்பா இருக்கு?" மாமா பொத்தான்களை அழுத்தி அழுத்தித் திரையையே மஞ்சளாக்கினார். "இப்பப் பாருங்க, ரெண்டும் ஒண்ணு!" காலண்டர்காரர் சமாதானமாகிப் போனார். மாமா அதை அத்தோடு மறந்தும் போனார்.

மறுநாள் சோப்புக் கம்பெனியின் டப்பா வேலை. சிரிக்கும் குழந்தையின் முகம் காமாலை கண்டதுபோல் தெரிந்தது. அளந்து வைத்த திரையாயிற்றே. அக்காவுக்குப் படத்தின்மேல்தான் சந்தேகம் வந்தது. படத்தில் மஞ்சளை நன்றாகவே குறைத்தாள். மாதிரிக்கு ஒன்று அடித்துப் பார்க்கலாம் என்றாள். அவசரம், அதெல்லாம் வேண்டாம் என்று மாமா மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டார்.

டப்பாக்கள் மலையாகக் குவிந்தன. கம்பெனி மேனேஜர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது.

"இது தினம் குளிப்பாட்டற சோப்பா, கடைசியாக் குளிப்பாட்டற சோப்பா?" என்று கேட்டார். சாயங்காலம் வருவதாகவும், அதற்குள் காரணம் தெரியவேண்டும் என்றும் சொல்லிப் போனார்.

அக்கா உடனே கருவியை மாட்டித் திரையை அளந்தாள்.

"ஏங்க, இதை யார் தொட்டது?"

"என் பிரஸ், என் திரை. நான் தொட்டா என்ன?" என்றவர், கவுண்ட்டர் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான்தான்னு தெரிஞ்சா அந்தக் கம்பெனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காது. நீ செஞ்சதுன்னா ஆளை மாத்திட்டேன்னு சொல்லிச் சமாளிப்பேன். உனக்கென்ன, வீட்டுல ராணி மாதிரி இரு."

சோப்புக் கம்பெனி கைவிட்டுப் போகவில்லை. இப்போது அந்த நாற்காலியில் மாமாவின் சித்தப்பா மகன் உட்கார்ந்திருக்கிறான். கருவி அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. அக்காவுக்கு நிறம் தெரியாது என்ற பேச்சு மட்டும் தெருவெல்லாம் சுற்றிவிட்டது. துணிக்கடைப் பெண் ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பிடித்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல், "இது பச்சைங்க, இது நீலம்" என்று உரக்கச் சொல்கிறாள். அக்கா தலையாட்டி வாங்கி வருகிறாள்.

உண்மையைப் போட்டு உடைக்கத் தங்கைக்கு நாக்கு துடிக்கும். முடியாது. அன்று மேனேஜர் திரும்பி வருமுன், அக்கா உள்ளறைக் கதவைச் சாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மாமா சொன்னா அவர் நம்ப மாட்டாருடி. உன்கிட்டதான் கேப்பாரு. அக்காவுக்குக் கொஞ்ச நாளாவே நிறம் சரியாத் தெரியறதில்லைன்னு நீயே சொல்லிடு."