பட்டியலில் இல்லாத சுண்டுவிரல்

போன சனிக்கிழமை பதுளைக் கடைவீதியில் காசிம் நானாவின் துணிக்கடைக்குப் போயிருந்தேன். கையில் பட்டியல் இருந்தது. மூன்று பொருள் வாங்குவதென்றாலும் நான் எழுதிக்கொண்டுதான் போவேன். மருந்து கலக்கும் வேலை பார்ப்பவளுக்கு அந்தப் பழக்கம் நல்லதுதான் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் சொல்கிறார்கள். வேலை வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. பாவம், அவர்களுக்குத் தெரியாது.

மேல்தட்டிலிருந்து நானா வெள்ளைத் துணியை உருவியபோது, அதற்கு அடியில் கிடந்த ஒரு துண்டு சரிந்து மேசையில் விழுந்தது. நீலக் கட்டம் போட்ட முரட்டுத் துணி. தூசியோடு கஞ்சிப் பசையின் வாசனையும் எழுந்தது. நான் வாங்க வந்ததை மறந்து அதைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"இதுவா மகள்? இது பழைய சரக்கு. மிஸ்ஸியம்மா ஊட்டுக்கு வெட்டுற துணி. அத மூடினதுக்குப் பொறகு ஒருத்தரும் கேக்கல்ல" என்றார் நானா.

மிஸ்ஸியம்மா வீடு என்று ஊரார் சொன்னது எங்கள் இல்லத்தைத்தான். வாசலில் பெரிய எழுத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் படித்ததில்லை. தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளும், இருந்தும் வைத்து வளர்க்க முடியாத தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுமாக நாங்கள் இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் இந்த நீலக் கட்டத்தில்தான் கவுன். வெள்ளிக்கிழமை துவைத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்தால், சனிக்கிழமை அந்தக் கவுன் தானாகவே நிற்கும். நாங்கள் உள்ளே புகுந்துகொள்ள வேண்டியதுதான். துணிக்குப் போடும் கஞ்சியும் நாங்கள் காலையில் குடிக்கும் கஞ்சியும் ஒரே பானையிலிருந்து வருகின்றன என்று மூத்தவளான ரூத்தக்கா சொல்வாள். "அதாண்டி நம்ம முதுகெல்லாம் இப்பிடி நேரா நிக்குது" என்பாள். நான் அதை வெகுநாள் நம்பியிருந்தேன்.

கவுனின் கழுத்துப் பட்டைக்கு உள்ளே சிவப்பு நூலால் ஓர் எண் தைத்திருக்கும். அதே எண் பாயிலும் தட்டிலும் குவளையிலும் இருக்கும். நான் பதினான்கு. செல்லம் பதினைந்து. சாப்பாட்டுக்கும் ஜெபத்துக்கும் பேன் பார்ப்பதற்கும் எண் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆகவே அவள் என்னைத் தேர்ந்தெடுக்கவுமில்லை, நான் அவளைத் தேர்ந்தெடுக்கவுமில்லை. மூன்று வயதில் வந்து என் பக்கத்துப் பாயில் படுத்தாள், அவ்வளவுதான். ஆறு வருஷம் அவளுடைய முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. இடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மிஸ்ஸியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லத்தை நடத்திய வெள்ளைக்காரர், வேதப் புத்தகத்தை வைத்தே தமிழ் படித்தவர். அதனால் சமையலறையிலும் அந்தத் தமிழையே பேசுவார். "பதினான்காம் பிள்ளையே, நீ உன் மூக்கைத் துடைப்பாயாக" என்பார். நாங்களும் அவருக்குத் தெரியாமல் அதே தமிழில் பேசிச் சிரிப்போம். "செல்லமே, நீ என் பாயைவிட்டு அப்பாலே உருளுவாயாக!" மேட்ரன் அக்கா காதில் விழுந்தால் மண்டையில் ஒரு குட்டு விழும். மேட்ரன் அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். குட்டுவதற்கென்றே கடவுள் அவருக்கு மணிக்கட்டைப் படைத்திருந்தார்.

மிஸ்ஸியம்மா போட்ட சட்டங்கள் பல. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளில் எண்ணிப் பார்த்திருக்கிறேன், முப்பத்தொன்று. அவற்றில் இருபத்தாறாவது சட்டம்தான் இந்தக் கதைக்கு வேண்டியது. நான் வருவதற்கு முன்னால் யாரோ ஒரு கங்காணி, மாமன் என்று சொல்லி ஒரு பிள்ளையை அழைத்துப்போய்த் தன் தோட்டத்தில் வேலைக்கு விட்டுவிட்டானாம். மிஸ்ஸியம்மா அலைந்து திரிந்து அந்தப் பிள்ளையை மீட்டு வந்தார். அன்றைக்குப் போட்ட சட்டம் இது: பிள்ளையைக் கேட்டு வருகிறவர் வாய் திறக்காமல் கொய்யா மரத்தடியில் மற்ற விருந்தாளிகளோடு நிற்க வேண்டும். பிள்ளை தானாக நடந்து போய், தன்னைச் சேர்ந்தவரின் கையைப் பிடிக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் கூட்டிப் போகலாம். தப்பாகப் பிடித்தால் பிள்ளை இங்கேயே இருக்கும்.

நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு யார் முகம் ஞாபகம் இருக்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும்போது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மிஸ்ஸியம்மா ஒரு கடிதத்தைப் படித்தார். செல்லத்தின் அம்மா கருப்பாயி கணக்கப்பிள்ளையிடம் சொல்லி எழுதியது. புருஷன் இறந்து, தானும் காய்ச்சலில் கிடந்தபோது பிள்ளையை இங்கே ஒப்படைத்துவிட்டு அண்ணனோடு இந்தியாவுக்குப் போனவள், இப்போது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்திருக்கிறாள். தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஒற்றை அறை, கிடைத்திருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப் போக அடுத்த சனிக்கிழமை வருகிறாள். துரை நாலு நாள் லீவு கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை விட்டால் அடுத்த வருஷந்தான்.

செல்லம் கஞ்சிக் குவளையைக் கீழே வைத்தாள். முகம் மலர்ந்து, அடுத்த நிமிஷமே வாடியது.

"எனக்கு மூஞ்சி ஞாபகமில்லையேடி" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

பட்டியல் போடுவதில் அப்போதே எனக்குப் பேர் இருந்தது. லிஸ்டுக்காரி என்று ரூத்தக்கா வைத்த பேர். மழைக்குக் கசியும் ஓடுகள், பல் விழுந்த பிள்ளைகள், மேட்ரன் அக்கா குட்டிய நாட்கள் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் உண்டு. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து செல்லத்திடம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிலேட்டில் எழுதினேன். இடது மூக்கில் சிவப்புக் கல் மூக்குத்தி. வலது கையில் தேள் மாதிரி பச்சை குத்தியது. சிவப்புச் சேலை. வெற்றிலை வாசனை. சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு கவுனைப் பிழிந்துகொண்டே அவள் இன்னொன்று சொன்னாள்.

"வெரலு ஒண்ணு வளஞ்சிருக்கும்டி. எடது கையி, சுண்டு வெரலு. தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்டதாம். நான் புடிச்சு இழுப்பேன். நிமுராது."

அதையும் எழுதினேன். ஆறு அடையாளம்.

சாயங்காலம் சிலேட்டில் இருந்ததைத் தாளில் பெயர்த்து எழுதினேன். தாளில் ஐந்துதான் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், எனக்கும் வசதி. ஆனால் மறக்கவில்லை. எனக்கு அடையாளம் சொல்ல ஒருவரும் இல்லை. என்னைக் கேட்டுக் கொய்யா மரத்தடிக்கு யாரும் வரப்போவதுமில்லை. பதினைந்தாம் பாயில் இவள் போன பிறகு வேறொரு பிள்ளை வந்து படுக்கும், அதன் முழங்கை எப்படி இருக்குமோ என்று நினைத்தேன். ஆறு அடையாளத்தில் ஒன்று போனால் என்ன, ஐந்து இருக்கிறதே என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். எச்சில் தொட்டுச் சிலேட்டை நன்றாகத் துடைத்தேன்.

ஒரு வாரம் செல்லத்துக்கு அந்தத் தாளை மனப்பாடம் செய்வித்தேன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். அதில்தான் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். தாளில் இருந்தது மட்டுமே அவளுடைய ஞாபகமாகிவிட்டது. விரலைப் பற்றி அவள் திரும்பப் பேசவே இல்லை. லிஸ்டுக்காரி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. கொய்யா மரத்தடியில் மூன்று பெண்கள். ஒருத்தி வயதானவள், கூடையோடு வந்தவள். இரண்டாமவள் சிவப்புச் சேலை, இடது மூக்கில் பளபளவென்று மூக்குத்தி, வலது கையில் பெரிய பச்சை. மூன்றாமவள் வெள்ளைச் சேலையும், யாரிடமோ இரவல் வாங்கிய முழுக்கை ரவிக்கையுமாக ஒடுங்கி நின்றாள். மூக்கில் மூக்குத்தி இல்லை. துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சியைச் செருகியிருந்தாள். இடது கையை மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

நாங்கள் எண் வரிசையில் வராந்தாவில் நின்றோம். "பதினைந்தாம் பிள்ளையே, நீ புறப்படுவாயாக" என்றார் மிஸ்ஸியம்மா.

செல்லம் உதட்டுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனாள். நேரே சிவப்புச் சேலையிடம் போய்க் கையைப் பிடித்து, "அம்மா" என்றாள்.

"ஏய், யாருடி நீ?" என்று அந்தப் பெண் பதறினாள். "நான் எம் புள்ளைய இங்கன சேக்க வந்தவ!" அவளுடைய சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு பொடிசு தலையை நீட்டி, "எங்கம்மாவ விடுடி!" என்று அலறி, செல்லத்தின் கையைக் கடித்தும் விட்டது. வரிசையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரூத்தக்காவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

நான் சிரிக்கவில்லை. மூன்றாமவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸியம்மா அவளிடம் போனார். "இந்தப் பிள்ளை உம்மை அறியவில்லை. நீர் அடுத்த வருஷம் வருவீராக" என்றார். அவருக்கும் அதைச் சொல்ல மனமில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் சட்டம் சட்டந்தானே.

"சரிங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கு. பாத்துட்டேன். அது போதுங்க." ஹல்துமுல்லையிலிருந்து பண்டாரவளைக்கு நடந்து, அங்கிருந்து மாட்டு வண்டிக்காரர்களிடம் கெஞ்சி வந்தவள். மூட்டையைத் தலையில் வைக்கக் குனிந்தாள்.

மூக்குத்தி போய்விட்டது. சிவப்புச் சேலை வெள்ளையாகிவிட்டது. பச்சை குத்தியது ரவிக்கைக்குள் போய்விட்டது. ஆறு வருஷத்தில் அவளிடம் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் நான் துடைத்திருந்தேன்.

எண் வரிசையை மீறுவது நாலாவது சட்டத்துக்கு விரோதம். நான் வராந்தாவிலிருந்து குதித்தேன்.

"செல்லம்! சுண்டு வெரலப் பாருடி! எடது கையி! எடது கையி!"

மூட்டையைப் பிடித்திருந்த கையை அந்தப் பெண் திடுக்கிட்டு உயர்த்தினாள். விரல் அரிவாள் நுனி மாதிரி உள்ளே வளைந்திருந்தது. செல்லம் மெதுவாகப் போனாள். அம்மா என்று சொல்லவில்லை. அந்த விரலை மட்டும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

"நிமுராது கண்ணு" என்றாள் கருப்பாயி. "நீ பாட்டுக்கு இழுத்துக்கிட்டே இரு."

அதற்குப் பிறகு சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். இந்த அடையாளம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சிலேட்டைப் பற்றிச் சொன்னேன்.

"நீ மறந்தாயோ?"

"இல்லங்கம்மா. மறக்கல."

ஒரு வாரம் கஞ்சிப் பானை தேய்க்கச் சொன்னார். குறைவுதான். துணிக் கஞ்சிக்கு வேறு பானை என்பதை அந்த வாரத்தில்தான் கண்டுபிடித்தேன்.

புறப்படும்போது செல்லம் என்னிடம் ஓடி வந்தாள். "ஏன்டி எழுதாம விட்ட?"

"நீ போயிருவேன்னுதான்."

கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐந்தாவது அடையாளம் அவளிடமே இருந்திருக்கிறது. ஆறு வருஷம் பக்கத்தில் படுத்தும் நான் பார்க்கவில்லை. "போடி லிஸ்டுக்காரி" என்று சொல்லிவிட்டு, அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே வாசலைத் தாண்டினாள். பதினைந்தாம் பாயில் கையைக் கடித்த அந்தப் பொடிசைப் போட்டார்கள். அதற்கு முழங்கை கிடையாது, முழுக்கவும் கால்தான்.

செல்லம் இப்போது அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது தன் வாய் தானாகவே "பதினைந்து" என்று சொல்லப் பார்க்கிறது என்று எழுதியிருந்தாள். லயத்தில் எல்லாருக்கும் கடிதம் படித்துச் சொல்வதும் எழுதிக் கொடுப்பதும் அவள்தான். "கருப்பாயிக்கிழவி இருமுகிறாள், நீ மருந்து அனுப்புவாயாக" என்றுதான் எனக்கு எழுதுவாள். அனுப்புகிறேன். போன மாதம் வந்த கடிதத்தில், தன் மகளுக்கு மூன்று வயதாகிறது, கவுன் தைக்கத் துணி வேண்டும் என்றிருந்தது. நான் நானா கடைக்குப் போனது அதற்குத்தான்.

பதுளைக்கு ரயில் வந்த பிறகு எங்கள் பக்கம் அடையாளமே தெரியவில்லை. இல்லம் இருந்த கட்டிடத்தில் யாரோ மரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். துவைக்கும் கல்லைக் காணோம். கொய்யா மரத்தை வெட்டிவிட்டார்கள். மிஸ்ஸியம்மா கப்பலேறிப் போய்விட்டார். மேட்ரன் அக்காவின் மணிக்கட்டு திருநெல்வேலியில் ஓய்வெடுக்கிறது. பதினான்கு என்று என்னைக் கூப்பிட ஊரில் ஒருவரும் இல்லை.

"வெள்ளைத் துணி எத்தின கெஜம் வெட்டுற மகள்?" என்றார் நானா.

"வெள்ளை வேணாம் நானா. இந்த நீலத்தையே குடுங்க. இருக்கிறது முழுக்க."

அவர் மடித்துக் கட்டும்போது கையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். என் பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் அடியில், மருந்துச் சீட்டு உட்பட, ஒரு கடைசி வரி இருக்கும்: விட்டது ஏதும் உண்டா? கொய்யா மரத்தடிச் சனிக்கிழமையிலிருந்து எழுதி வருகிறேன். நானாவிடம் பென்சில் வாங்கி, அதற்குப் பக்கத்தில் எழுதினேன்: கழுத்துப் பட்டைக்குச் சிவப்பு நூல், ஓர் உருண்டை.