நோட்டுக்காரம்மாவின் நாற்பத்தொரு தப்பு

மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் சொல்லித்தரும் அந்த டாக்டருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நோட்டுக்காரம்மா. வார்டுக்கு முதல் நாள் வருகிற பிள்ளைகளை அவர் நோயாளியிடம் விடமாட்டார். ஒரு நீள நோட்டைக் கையில் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்வார். முப்பது வருஷத்தில் அவரே செய்த தப்புகள், தேதி போட்டு, அவர் கையெழுத்திலேயே.

'நெஞ்சு வலி என்றவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லாமல் இதய மருந்து எழுதினேன். சட்டைக்குள் அக்கி.' 'காது கேளாதவரைப் புத்தி பேதலித்தவர் என்று மூன்று நாள் வைத்திருந்தேன்.' இப்படி நாற்பத்தொன்று. பெரும்பாலானவற்றின் முடிவில் நோயாளி வீடு திரும்பினார் என்று இருக்கும். நான்கில் இருக்காது. அந்த நான்கை வாசிக்கும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம். சிறந்த ஆசிரியர் விருது ஒருமுறையும் அவர் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வருஷம் விட்டால் இல்லை. "கொடுத்தா கொடுக்கட்டும், எனக்கென்ன" என்று வாய் சொல்லும்; மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அதை அறிந்த ஒரே ஜீவன் வீட்டுக்காரர். கேடயம் மாட்ட இடம் வேண்டுமென்று கூடத்துக் கடிகாரத்தை முன்கூட்டியே நகர்த்திவிட்டார். பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைக்கிற மனுஷன்.

இறுதியாண்டு மாணவர்கள் கூடிப் பேசி விருதுக்கு நோட்டுக்காரம்மா பெயரை எழுதிப் போட்டார்கள். படிவத்தில் 'கற்பித்தல் திறனுக்கான ஆதாரம்' என்று ஒரு கட்டம். மற்றவர்களுக்குப் பாராட்டுக் கடிதமும் சான்றிதழும் இணைத்திருந்தார்கள். இந்தப் பிள்ளைகள், இதைவிட நல்ல ஆதாரம் ஏது என்று, நோட்டையே தூக்கி இணைத்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

விருதுக் குழு அவரை அழைத்தது. தலைவர் அறுவை சிகிச்சைப் பிரிவின் மூத்த டாக்டர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மேடம், இதைப் படிச்சா உங்களுக்கு விருது கொடுக்கறதா, விசாரணை வைக்கறதான்னு புரியல."

"எல்லாத்தையும் அப்பப்பவே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன் சார். விசாரணையும் நடந்திருக்கு. மறுபடி வைக்கறதா இருந்தா ஸ்டூடண்ட்ஸைக் கூட்டிட்டு வர்றேன். அவங்களுக்கும் ஒரு கிளாஸ் ஆச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

விருது, இருநூறு ஸ்லைடு தயாரித்த உடற்கூறியல் பேராசிரியருக்குப் போனது. நல்ல ஸ்லைடுகள்தான். வீட்டுக்காரர் சத்தம் போடாமல் கடிகாரத்தைப் பழைய ஆணியில் மாட்டினார். நோட்டுக்காரம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வாளி நிரம்புகிற நேரம்.

மறுநாள் மதியம் குழுத் தலைவர் வார்டுக்கு வந்தார். நோட்டைத் திருப்பித் தர ஒரு பியூன் போதும். தானே எடுத்து வந்திருந்தார். வந்தவர் கொடுக்காமல், நோயாளிகளுக்கான ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கடைசியில வெறும் பக்கம் இருக்கு."

"இருக்கு சார்."

"என்னுது ஒண்ணு இருக்கு. பத்தொன்பது வருஷமாச்சு. வீட்ல கூட சொன்னதில்ல. இதுல எழுதினா பசங்க படிப்பாங்களா?"

நோட்டுக்காரம்மா, "படிப்பாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

"பேரு போடணுமா?"

"அது உங்க இஷ்டம்."

தலைவர் அந்த வெறும் பக்கத்தைப் புரட்டிப் பேனாவைத் திறந்தார். பிறகு முதலில் பெயரைத்தான் எழுதினார்.