வார்னிஷுக்குள் எறும்பு

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அதற்கு மேல் படிப்பில்லை. ஆனால் ஈயம் பற்றவைக்கத் தெரியும். கரும்புத் தோட்ட வேலைக்கு எங்கள் முன்னோர் கப்பலில் வந்திறங்கிய இந்தத் தீவில் துணி ஆலைகள் பெருகுவதற்கு முன்னால், ரேடியோவுக்குள் வைக்கும் சர்க்யூட் போர்டு செய்து கப்பலேற்றிய ஆலை ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அந்தச் சம்பளத்தில்தான் சேன் பியேர் ஊரில் இந்த வீடு எழுந்தது.

பெரியவனுக்கு ஓட்டலில் வேலை கிடைத்ததும் குளியலறைக்கு ஒரு காஸ் பாய்லர் வாங்கி மாட்டினான். ஆகஸ்ட் எங்கள் பக்கம் குளிர்காலம், விடியற்காலைத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். இரண்டாவது குளிர்காலத்திலேயே பாய்லர் நின்றுபோனது. பார்க்க வந்தவன் எங்கள் கோயில்காரன்தான். என்னை அக்கா என்பான், வெள்ளை வேன் வைத்திருந்தான். உள்ளே இருக்கும் போர்டு எரிந்துவிட்டது என்றான். புதிது பிரான்ஸிலிருந்து வரவேண்டும் என்றான். ஒரு வாரத்தில் கொண்டுவந்து மாட்டினான்.

மூன்றே வாரம். மருமகள் தலையில் சோப்போடு நிற்கும்போது தீ அணைந்தது.

திரும்ப வந்தவன் வேறொரு போர்டை மாட்டிக்கொண்டே என் மகனிடம் சொன்னான்:

"அம்மா ஈரக் கையோட பட்டனை அமுக்கியிருப்பாங்க, தம்பி. படிக்காதவங்க கையில இதையெல்லாம் விடலாமா?"

மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அன்றே பொத்தான் மேல் சிவப்பு டேப் ஒட்டினான். "அம்மா, நீ தொடாத. வேணும்னா கேளு." நான் கட்டிய வீட்டில், வெந்நீர் வேண்டுமென்றால் மருமகளிடம் போய் நிற்கவேண்டும். நிற்கவில்லை. ஐந்து மாதம் பச்சைத் தண்ணீரில் குளித்தேன்.

வேன்காரன் கழற்றிப் போட்ட போர்டு குப்பையில் கிடந்தது. எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். மெஷின் வைத்த ஈயம் ஒரே அளவாகப் பளபளக்கும். இதில் நான்கு புள்ளிகள் மங்கலாக, கொழுத்துப்போய், யாரோ கையால் வைத்தவை. மேலே புது வார்னிஷ். அந்த வார்னிஷுக்குள் செத்த எறும்பு ஒன்று, கால் கூட மடங்காமல். பிரான்ஸிலிருந்து டப்பாவில் வந்த சாமானுக்குள் எறும்பு ஏது? பழசைச் சரிபண்ணிப் போடுவதில் பாவமில்லை. சொல்லிவிட்டுப் போடு. புதுசென்று சொல்லி, கெட்டுப்போனதும் என் கைமேல் பழி போடாதே.

மகனிடம் காட்டவில்லை. வேன்காரனிடமும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான். அவன் பொய் சொல்லமுடியாத பத்து நாள் வருடத்தில் உண்டு. அதற்காகக் காத்திருந்தேன்.

தைப்பூசத்துக்குக் கொடி ஏறியது. அவனும் காவடிக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தான். ஏழாம் நாள் மாலை, கோயிலில் பூஜை முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, முந்தானையில் முடிந்திருந்த போர்டை அவிழ்த்து அவன் முன்னால் வைத்தேன். நாங்கள் பேசியது தீவு மொழியான கிரியோலில். தமிழில் சொன்னாலும் சூடு குறையாது.

"இது எங்க வீட்டுல நீ போட்டது. புதுசா, பழசா?"

"அக்கா, சாமி முன்னால போய்..."

"இங்கதான் கேக்கணும். வாசலுக்கு வெளிய கேட்டா வேற பதில் வரும்."

பின்னாலிருந்து ஒருத்தி, "சொல்லுப்பா, முருகனும் கேட்டுக்கட்டும். அவருக்கும் ஒரு பாய்லர் வேணுமாம்!" என்றாள். சிரிப்பு அடங்கும்வரை அவன் தன் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றையே பார்த்தான்.

"பழசு. ஓட்டல்ல கழட்டிப் போட்டது. நான்தான் சரிபண்ணினேன்."

"நான் ஈரக் கை வச்சேனா?"

"இல்ல."

"சத்தமா."

"இல்லக்கா!"

என் மகன் தூணோரம் நின்றிருந்தான். முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குள் இன்னொருத்தி எழுந்தாள்: "அப்போ எங்க வீட்டுல போட்டது?" அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் அவன் விபூதி வாங்கினான்.

மறுநாள் டேப்பை நானே உரித்தேன். வெயில் காலம், வெந்நீர் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் சிலிண்டர் காலியாகும்வரை குளித்தேன். மகன் புது சிலிண்டரைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தான்.

காவடி நாளன்று தார் ரோடு கொதித்தது. எங்கள் கேட்டைத் தாண்டிய ஒவ்வொருவர் காலுக்கும் தண்ணீர் ஊற்றினேன். வேன்காரனும் வந்தான், கன்னத்தில் வேலோடு, வாய் திறக்கமுடியாமல், என்னையே பார்த்துக்கொண்டு. வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அவன் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்துபோனதை நின்று பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரி, "பாவம்க்கா" என்றாள். இருக்கட்டும்.

போன வருடம் அவன் செத்துப்போனான். இனியாவது மன்னித்துவிடு என்கிறார்கள். வீட்டுக்குப் போய் மாலை போட்டேன், அதோடு சரி.

பேத்தி, பேனாவை வை. முதலிலிருந்து வாசி. செத்தவன் என்று இரக்கப்பட்டு எந்த இடத்திலாவது இளக்கி எழுதியிருந்தாயானால், நான் நிறுத்தச் சொல்வேன்.